கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது: மெய்நிகர் வெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று ஆண்டுகளாக என் வீட்டில் ஒரு ஹெட்செட் கிடக்கிறது. கண்ணை மறைத்து முகத்தில் மாட்டினால், கணினி வரையும் முப்பரிமாண உலகம் ஒன்றுக்குள் நிற்பது போல் இருக்கும்; அந்த உலகம்தான் மெய்நிகர் வெளி. வருகிற நண்பர்களில் பெரும்பாலோர் கவிதை எழுதுபவர்கள், இரண்டு பேர் ஓவியர்கள், ஒருவர் பிழை திருத்துபவர். மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றும்போது, கன்னத்தில் பஞ்சு பதிந்த தடத்தோடு எதையாவது கேட்காமல் யாரும் போனதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு ஒரு வரிதான்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் கருவிதானே? எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இதில் என்ன வேலை?

கடையில் விற்பது பெரும்பாலும் விளையாட்டுக்காகத்தான், மறுக்கவில்லை. ஆனால் 'மெய்நிகர் உண்மை' (விர்ச்சுவல் ரியாலிட்டி) என்ற சொற்சேர்க்கையே நாடகக்காரர் ஒருவரிடம் முன்பே இருந்தது. பிரான்ஸின் அந்தோனன் ஆர்த்தோ, 1938-இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் நாடக மேடையைச் சொல்ல அதைப் பயன்படுத்தினார். கணினியில் இயங்கும் தலைத்திரையைக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் செய்து காட்டியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1968-இல். எடை தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்.

கலைஞர்கள் இந்தப் பக்கம் வந்ததும் நேற்று இன்று நடந்ததல்ல. கனடாவின் பான்ஃப் கலை மையம் 1990களின் தொடக்கத்திலேயே கலைஞர்களை அழைத்து இதில் வேலை செய்ய வைத்தது. அங்கே பிரெண்டா லாரலும் ரேச்சல் ஸ்டிரிக்லேண்டும் சேர்ந்து செய்த 'பிளேஸ்ஹோல்டர்' என்ற படைப்பில், உள்ளே போகிறவர் சிலந்தியாகவோ பாம்பாகவோ மீனாகவோ காகமாகவோ உருமாறலாம். காகமானால் பறக்கலாம். அடுத்து வருபவர் கேட்பதற்காகத் தன் குரலை ஓரிடத்தில் விட்டுவிட்டும் போகலாம். ஊர் எல்லையில் கல் நட்டுவிட்டுப் போவது மாதிரி. எழுத்தாளனாக எனக்கு அதில் பிடித்தது காகம் இல்லை, அந்தக் குரல்தான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய படைப்பு எது?

என்னைக் கேட்டால் 'ஆஸ்மோஸ்'. கனடாவின் ஷார் டேவிஸ் 1995-இல் செய்தது, மாண்ட்ரியால் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் முதலில் காட்டப்பட்டது. டேவிஸ் அடிப்படையில் ஓவியர், கிட்டப்பார்வை உள்ளவர், ஆழ்கடலில் மூழ்கிப் பழகியவர். இந்த மூன்றும் அப்படியே படைப்புக்குள் இறங்கியிருக்கின்றன.

உள்ளே போகிறவர் ஹெட்செட்டோடு ஓர் அரைச்சட்டையும் அணிய வேண்டும். அது மார்பு விரிவதையும் சுருங்குவதையும் உடல் சாய்வதையும் அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே எழுவீர்கள். விட்டால் கீழே அமிழ்வீர்கள். முன்னால் சாய்ந்தால் முன்னால் போவீர்கள். கையில் பொத்தான் கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. நீரில் மிதப்பவருக்கு நுரையீரல் செய்கிற வேலை அது.

தொடக்கத்தில் வெறும் கட்டக்கோடுகள். ஒரு சில மூச்சில் அவை கலைந்து காடு வருகிறது, வெட்டவெளி, குளம், ஓர் இலையின் உட்பக்கம், மண்ணுக்கு அடி. எதற்கும் கெட்டியான விளிம்பு இல்லை. கண்ணாடி கழற்றிய கிட்டப்பார்வைக்காரருக்குத் தெரியும் மரம் போல எல்லாம் ஒன்றில் ஒன்று கசிகின்றன. இலையையும் ஊடுருவிப் போகலாம்.

எழுத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்ததைத்தான். இந்த உலகத்தின் அடித்தளத்தில் படைப்பை இயக்கும் நிரல் வரிகளே பச்சை எழுத்துகளாக நிற்கின்றன. உச்சியில் இயற்கை பற்றியும் உடல் பற்றியும் கவிஞர்களும் தத்துவக்காரர்களும் எழுதிய வரிகள் மிதக்கின்றன. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அமிழ்ந்தால் எழுதப்பட்ட நிரலைத் தொடுவீர்கள். இழுத்து எழுந்தால் எழுதப்பட்ட சிந்தனையைத் தொடுவீர்கள். நடுவில் காடு. பக்கத்தைப் புரட்டுவது விரல் இல்லை, விலா எலும்பு.

ஏறக்குறைய 15 நிமிடம் ஆனதும் அந்த உலகம் ஓர் உருண்டையாகி, மெல்ல விலகிப் போய்விடும். வெளியே வந்து அழுதவர்கள் உண்டு என்று டேவிஸ் பதிந்திருக்கிறார். நான் அதற்குள் போனதில்லை. ஆவணப் படங்களும் அவருடைய கட்டுரைகளும்தான் எனக்கு வழி. ஆனாலும் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தேன். நீங்களும் செய்வீர்கள்.

எழுத்தையே கட்டடமாகவும் பொருளாகவும் வைத்துச் செய்த படைப்புகள் உண்டா?

மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவதில் ஹெட்செட்டே இல்லை. கலைஞர் ஜெஃப்ரி ஷாவின் 'லெஜிபிள் சிட்டி'. இருட்டறையில் பெரிய திரை, அதன் முன் தரையில் பதித்த ஒரு மிதிவண்டி. மிதித்தால் திரையில் தெரு நகரும். தெருவின் இருபுறமும் வீடுகளுக்குப் பதில் வீட்டளவு எழுத்துகள். 1989-இல் மன்ஹாட்டன், 1990-இல் ஆம்ஸ்டர்டாம், 1991-இல் கார்ல்ஸ்ரூ என்று மூன்று நகரங்களுக்குச் செய்தார்கள். உரையை எழுதியவர் டிர்க் குரூனவெல்ட். மன்ஹாட்டனில் டாக்சி ஓட்டுநர், ஏமாற்றுக்காரர், முன்னாள் மேயர் என்று பலருடைய கற்பனைத் தனிமொழிகள் வெவ்வேறு நிறத்தில் தெருத்தெருவாக ஓடும். ஒருவர் கதையைப் பிடித்துக்கொண்டே போகலாம், சந்தியில் திரும்பி இன்னொருவர் கதைக்குள் நுழையலாம். ஆம்ஸ்டர்டாமில் ஒவ்வோர் எழுத்தும் அந்த இடத்தில் நிற்கும் உண்மைக் கட்டடத்தின் அளவு. வாசிப்பவனுக்குக் கால் வலிக்கும். வேகமாக மிதித்தால் வேகமாக வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 'கேவ்' என்பது அறை வடிவிலான கருவி. 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தார் உலகுக்குக் காட்டியது. சுவர்களிலும் தரையிலும் படம் விழும்; சிறப்புக் கண்ணாடி அணிந்து நடுவில் நின்றால் படங்கள் சுவரைவிட்டு அறைக்குள் வந்துவிடும். பொறியியலாளர்களும் விஞ்ஞானிகளும் பயன்படுத்திய இந்த அறையை நாவலாசிரியர் ராபர்ட் கூவர் 2002-இல் தன் எழுத்துப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டார். மாணவர்கள் அதற்குள் எழுதினார்கள். அங்கிருந்து வந்ததுதான் நோவா வார்ட்ரிப்-ஃபுரூயினும் கூட்டாளிகளும் செய்த 'ஸ்க்ரீன்'.

சுற்றிலும் மூன்று சுவர்களில் நினைவு பற்றிய பத்திகள். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் உரிந்து, சுவரைவிட்டு உங்களை நோக்கி வருகிறது. கையால் அடித்தால் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய இடத்தில்தான் ஒட்டும் என்பதில்லை. சில உடைந்து போகும். இரண்டாவது சொல், மூன்றாவது சொல், வேகம் கூடுகிறது. சிறிது நேரத்தில் நீங்கள் வாசிப்பதை விட்டுவிட்டுக் கொசு அடிப்பவர் போல் வீசிக்கொண்டிருக்கிறீர்கள். ஓர் அளவுக்கு மேல் சொற்கள் பெயர்ந்ததும் மிச்சமெல்லாம் சரிந்து உங்களைச் சுற்றி விழுந்துவிடும். மறதியைப் பற்றி நானும் எத்தனையோ கவிதை படித்திருக்கிறேன். மறதி வாசகனின் தோள்பட்டையில் நடப்பது இதில்தான்.

மூன்றாவது 'சாக்ரூம்', 2017. அமெரிக்கக் கலைஞர் லோரி ஆண்டர்சனும் தைவானின் ஹுவாங் ஸின்-சியனும் சேர்ந்து செய்தது. அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் விருது பெற்றது. கரும்பலகை போன்ற கறுப்புச் சுவர்கள், சுண்ணக்கட்டியால் எழுதியும் கிறுக்கியும் நிறைத்த எட்டு அறைகள். கையை நீட்டினால் பறக்கலாம். எழுத்துகள் தூசி போல் காற்றில் நிற்கின்றன. ஒளி மங்கல். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தனியாக வகுப்பறையில் மாட்டிக்கொண்டவனின் கனவு.

360 டிகிரி வீடியோவும் இதுவும் ஒன்றா?

இல்லை. சுற்றிலும் எல்லாத் திசையிலும் படம்பிடித்த அந்த வீடியோவில் தலையைத் திருப்பலாம், ஆனால் ஒரு அடி முன்னால் வைத்தால் உலகமும் உங்களோடு ஒரு அடி நகரும். மெய்நிகர் வெளியில் குனிந்து ஓர் எழுத்தின் அடியில் எட்டிப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

உள்ளே ஒரு நாவல் வாசிக்க முடியுமா?

முடியும், வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்தித்தாள் எழுத்து 3 மில்லிமீட்டர் உயரம், கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் பிடித்தால் அது கண்ணில் அரை டிகிரிக்கும் குறைவான கோணம். கூர்மையான கண்ணுக்கு ஒரு டிகிரியில் 60 பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளி, இருந்தால் திருப்தி. குவெஸ்ட் 3 போன்ற இன்றைய ஹெட்செட்டில் சுமார் 25தான். ஆக அந்தச் செய்தித்தாள் எழுத்துக்கு உள்ளே கிடைப்பது பத்துப் பிக்சல் உயரம்.

ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் பத்துப் பிக்சலில் பிழைத்துக்கொள்ளும். நம் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும்? என் பிழை திருத்தும் நண்பர் உள்ளே போய், முதல் வேலையாக 'மனம்' என்பதை 'மணம்' என்று வாசித்து, எழுதியவன் தப்புச் செய்துவிட்டான் என்று என்னைத் திட்டினார். எழுத்து சரி, சுழிதான் கரைந்துவிட்டது.

என் கைக்கணக்கு இது: ஒரு மீட்டர் தொலைவில் நிற்கும் தமிழ் எழுத்து குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். இரண்டு மீட்டரில் ஐந்து. இந்த அளவில் ஒரு பார்வைக்கு நாற்பது ஐம்பது சொற்களுக்கு மேல் வைக்க முடியாது. குறை என்று நினைக்காதீர்கள். வெண்பாவுக்கு அது தாராளம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. லென்ஸின் குவியம் ஒன்று இரண்டு மீட்டர் தொலைவில் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். எழுத்தை மூக்கருகே கொண்டுவந்தால் இரு கருவிழிகளும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் கண்ணின் லென்ஸ் தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே இயங்கிய இரண்டும் பிரிவதால் கண் வலிக்கும். சொல்லை வாசகனின் முகத்தில் கொண்டுபோய் முட்டவைக்க ஆசை வரும்; அரை மீட்டருக்குள் நெடுநேரம் நிறுத்தாதீர்கள்.

காற்றில் கையால் எழுதினால் எப்படி இருக்கும்?

இதை நீங்களே செய்து பார்க்க வேண்டும், இருந்தாலும் சொல்கிறேன். 'டில்ட் பிரஷ்' என்ற வரைகருவி 2016-இல் வந்தது. அதன் வழிவந்த 'ஓபன் பிரஷ்' இன்று இலவசம். அதைத் திறந்து, இருட்டு வெளியில் கன்ட்ரோலரைத் தூரிகையாகப் பிடித்து, என் உயரத்துக்கு ஒரு 'ழ' எழுதினேன். முன்னால் நின்று பார்த்தால் அழகான எழுத்து, வளைவெல்லாம் சரி. பெருமையோடு பக்கவாட்டில் இரண்டு அடி நடந்தேன். எழுத்து பிய்ந்து போயிருந்தது. வளைவு தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கை வளையும்போது எனக்குத் தெரியாமலே உடலை நோக்கி வந்திருக்கிறது. முன்னாலிருந்து எழுத்தாகத் தெரிந்தது பக்கத்திலிருந்து பார்த்தால் அவிழ்ந்த ஸ்பிரிங்.

தாளில் எழுதும்போது தாள் நம் கையைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. நாற்பது ஆண்டு எழுதியும் எனக்கு அது உறைத்ததில்லை. தாளை எடுத்துவிட்டால் கை எங்கே போகிறது என்று கைக்கே தெரியாது.

பின்பக்கம் போனேன். எல்லா எழுத்தும் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி நின்றது. இங்கே எழுத்துக்கு முதுகு உண்டு. வாசகன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று முடிவு செய்யாமல் ஒரு சொல்லைக்கூட நட முடியாது. சரியாகப் பக்கவாட்டில் நின்றால் தட்டை எழுத்து கோடாகி, கோடும் மறைந்துவிடும். ஒரு கோணத்தில் மட்டுமே வாசிக்கக் கிடைக்கும் கவிதை ஒன்றை என் நண்பர் இதை வைத்தே செய்தார். வாசிக்க நீங்கள் மண்டியிட வேண்டும்; வேறெங்கு நின்றாலும் அது முள்வேலி.

தமிழ் எழுத்து உள்ளே ஒழுங்காகத் தெரியுமா?

கையால் எழுதினால் தெரியும். தட்டச்சு செய்தால் கருவியைப் பொறுத்தது. எனக்கு முதலில் வாய்த்தது தோல்விதான். பலரும் பயன்படுத்தும் ஓர் உருவாக்கக் கருவியில் 'தெருமுனை' என்று அடித்தேன். நான்கு எழுத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. 'தெ'வின் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'ரு'விலும் 'மு'விலும் உகரக் குறி உடம்போடு ஒட்டாமல் தனியே தொங்கியது. 'னை'யின் கொம்பும் தப்பான பக்கம்.

காரணம் எளிது. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'த' முதலில், கொம்பு அடுத்து என்று ஒலிப்பு வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளுவதும், மகரத்தையும் உகரத்தையும் இணைத்து ஒரே வடிவமாக்குவதும் இன்னொரு மென்பொருளின் வேலை. உலாவியிலும் கைபேசியிலும் அது இருக்கிறது. பல முப்பரிமாணக் கருவிகளில் நெடுங்காலம் இல்லை. ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்துக் கட்டியவை அவை.

மூன்று வழிகள் உண்டு. அன்ரியல், கோடோவின் நான்காம் பதிப்பு போன்ற, இந்திய எழுத்துகளை வடிவமைக்கத் தெரிந்த கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். உலாவியில் மெய்நிகர் உலகம் கட்ட உதவும் ஏ-ஃப்ரேம் என்ற கருவியைக் கொண்டு செய்தால், உரையை ஏ-ஃப்ரேமின் சொந்த எழுத்து முறையில் கொடுக்காமல், உலாவியின் இருபரிமாணப் பலகையில் எழுதி அந்தப் படத்தை மெய்நிகர் வெளியில் ஒட்டலாம். உலாவிக்குத் தமிழ் தெரியும். மூன்றாவது, சொற்களை வரைகலை மென்பொருளில் கோட்டுருவமாக்கி, தடிமன் கொடுத்துப் பொருளாக இறக்குவது. கவிதைக்கு நான் எப்போதும் மூன்றாவதைத்தான் செய்கிறேன். இருபது சொல்லுக்கு இருபது பொருள். வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைக்கும்போது, இது உண்மையில் வேண்டுமா என்ற கேள்வி தானே வருகிறது.

எழுத்துகளை ஓர் உருவத்துக்குள் அடைத்துப் பாடும் நம் சித்திரக்கவிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. தமிழன் அன்றே கண்டுபிடித்துவிட்டான் என்று தொடங்காதீர்கள். ஆனால் பயிற்சிக்கு உதவும். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் நாகபந்தத்தில் பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடல் வழியே செய்யுள் ஓடும்; உடல்கள் வெட்டும் இடத்தில் இரண்டு அடிக்கும் ஒரே எழுத்து நிற்க வேண்டும். எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் செய்யுளின் பொருளில் ஒரு பகுதி என்பதை அந்தப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். அச்சுக்கு வந்த பிறகு நாம் அதை மறந்துவிட்டோம்.

வாசகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் கதை என்னாவது?

பார்க்கத்தான் செய்வான். முக்கியமான பாத்திரம் உயிர் விடும்போது அவன் மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்துகொண்டிருப்பான். சினிமாக்காரர்கள் இதில் தடுமாறுவது இதனால்தான். சட்டகம் அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. எழுத்தாளருக்கு இது அவ்வளவு புதிதல்ல. வாசகன் எந்த வரியில் கண்ணயர்ந்தான் என்று நமக்கு எப்போது தெரிந்தது?

கவனத்தைத் திருப்ப ஒலியே சிறந்த கயிறு. முதுகுக்குப் பின்னால் ஒரு செம்பு உருண்டால் யாரும் திரும்புவார்கள். பார்வை இழந்த இறையியலாளர் ஜான் ஹல் ஒலிநாடாவில் பதிந்த நாட்குறிப்பை வைத்து 2016-இல் செய்த மெய்நிகர் படைப்பு ஒன்று உண்டு. அதில் எந்தப் பொருளும் ஒலி எழுப்பினால் மட்டுமே மங்கலாகத் தெரியும். காற்று அடித்தால் மரம் இருக்கிறது, நின்றால் இல்லை. கண்ணுக்கான கருவியில் கேட்கக் கற்றுக்கொடுத்த படைப்பு.

'டியர் ஏஞ்சலிகா'வையும் இங்கே சொல்ல வேண்டும். இறந்த தாயை மகள் நினைத்துப் பார்க்கும் சிறு படம், 2017. ஓவியர் வெஸ்லி ஆல்ஸ்புரூக், 'குவில்' என்ற கருவியில், ஹெட்செட்டுக்கு உள்ளே நின்றே முழுவதையும் வரைந்தார். கை இழுத்த வரிசையிலேயே கோடுகள் உங்கள் கண்முன் மறுபடி வரையப்படுகின்றன. கோலம் போட்டு முடித்ததைப் பார்ப்பது வேறு, போடும்போது பக்கத்தில் நிற்பது வேறு.

இது 'இரக்க இயந்திரம்' என்கிறார்களே?

2015-இல் இயக்குநர் கிரிஸ் மில்க் ஒரு மேடைப் பேச்சில் அப்படிச் சொன்னார். ஜோர்தானின் சாத்தரி அகதி முகாமில் வாழும் 12 வயது சிரியச் சிறுமியைப் பற்றி அவரும் காபோ அரோராவும் ஐ.நா.வுக்காக ஒரு 360 டிகிரி படம் எடுத்திருந்தார்கள். டாவோஸ் பொருளாதார மாநாட்டுக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள்.

எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. அகதியின் கூடாரத்தில் எட்டு நிமிடம் உட்கார்ந்தவன், கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம் என்பது அவனுக்கு முழுநேரமும் தெரியும். அகதிக்கு அது இல்லை.

மெக்சிகோ திரைப்பட இயக்குநர் இனாரிட்டுவின் 'கார்னே இ அரேனா' இந்தச் சங்கடத்தை அறிந்து செய்தது என்று நினைக்கிறேன். மெக்சிகோ எல்லையைக் கடப்பவர்களைப் பற்றியது, 2017-இல் கான் திரைப்பட விழாவில் வந்தது, பிறகு சிறப்பு ஆஸ்கர் பெற்றது. முதலில் ஒரு குளிர்ந்த அறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு வெறுங்காலோடு உண்மையான மணலில் நின்றுகொண்டு ஆறரை நிமிடம். சுற்றிலும் எல்லையில் பிடிபட்டவர்கள். அவர்களில் ஒருவர் உடலுக்குள் நீங்கள் நுழைந்துவிட்டால் துடிக்கும் இதயம் தெரியும். நீங்கள் அவராகிவிட்டதாக அது சொல்வதில்லை. அவர்கள் நடுவே உங்களுக்கு ஒரு இடமும் இல்லை என்பதைத்தான் மணல் காலுக்குச் சொல்கிறது.

தலை சுற்றுமா?

பலருக்குச் சுற்றும். கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் புத்தகம் படித்தால் வயிற்றைப் பிசைவது எதனால்? காது நகர்கிறாய் என்கிறது, கண் இல்லை என்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ்: கண் நகர்கிறாய் என்கிறது, காது இல்லை என்கிறது. அதனால் வாசகரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகும் படைப்பைச் செய்யாதீர்கள். அவர் தன் காலால் நடக்கட்டும். தூரமானால் சட்டென்று அங்கே இடம்மாற்றிவிடுங்கள்.

முதல்முறை பத்து நிமிடம் போதும். லேசாகக் குமட்டியதும் கழற்றிவிட வேண்டும், பழகிவிடும் என்று பல்லைக் கடித்தால் அன்று மாலை வரை போகாது. ஒரு மேசை விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். வியர்க்காது, லென்ஸில் ஆவி படியாது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று கன்னத்துக்கும் தெரியும்.

வீட்டில் எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தரை இருந்தால் நல்லது. கருவியே எல்லைக்கோடு வரையச் சொல்லும், அதைத் தாண்டினால் எச்சரிக்கும். அது தரையைத்தான் பார்க்கும், கூரையைப் பார்க்காது. நான் ஒரு மரம் வரைந்துகொண்டிருந்தேன், உச்சிக் கிளைக்காக எக்கியபோது கன்ட்ரோலர் மின்விசிறியில் பட்டது. விரல் மூட்டில் மூன்று நாள் வீக்கம். விசிறியின் இறக்கை இன்றும் கொஞ்சம் ஆடுகிறது. அந்த மரத்தை நான் அழிக்கவில்லை; வலது பக்கக் கிளை ஒன்று திடீரென்று தெற்கே ஓடும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள்?

அணியலாம். கண்ணுக்கும் கருவிக்கும் இடைவெளி கூட்டும் அமைப்பைச் சரிசெய்யாமல் மாட்டினால் இரண்டு லென்ஸும் ஒன்றையொன்று கீறும். கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதைத் திருப்பினாலே தெளிந்துவிடுகிறது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

குவெஸ்ட் கருவிகளைச் செய்யும் மெட்டா, பெற்றோர் கண்காணிப்போடு 10 வயது முதல் என்கிறது. என் வீட்டில் அதற்குக் கீழே கிடையாது, அழுதாலும் கிடையாது.

இதில் செய்த படைப்பு நிலைக்குமா?

இதுதான் எனக்கும் தூக்கம் கெடுக்கும் கேள்வி. 'ஆஸ்மோஸ்' பிறந்தது சிலிக்கான் கிராஃபிக்ஸின் பெரிய கணினியில். அந்தக் கணினியும் இன்று இல்லை, அந்த நிறுவனமும் அன்றிருந்தபடி இல்லை. 'டியர் ஏஞ்சலிகா'வைச் செய்த ஓக்குலஸ் ஸ்டோரி ஸ்டுடியோ, படம் வந்த சில மாதங்களில், 2017 மே மாதம் மூடப்பட்டது. டில்ட் பிரஷை 2021 ஜனவரியில் கூகுள் கைவிட்டது, ஆனால் நிரலைத் திறந்துவிட்டுப் போனது. அதனால்தான் ஓபன் பிரஷ் பிழைத்தது. அதே ஆண்டு ஜூன் 30-இல் முப்பரிமாணப் பொருள்களைப் பகிரும் கூகுளின் தளமும் மூடியது.

ஓலை செல்லரிக்க நூறு இருநூறு ஆண்டு ஆகும், அதற்குள் ஒருவர் படியெடுத்துவிடுவார். இங்கே ஐந்து ஆண்டுகூட இல்லை, படியெடுக்க ஆளும் குறைவு. நான் செய்வது இவ்வளவுதான்: சொற்களைத் தனி உரைக்கோப்பாகவும், பொருள்களை எல்லோரும் திறக்கக்கூடிய பொது வடிவத்திலும், உள்ளே நடந்து போவதை வீடியோவாகவும் வைத்துக்கொள்கிறேன். நான்காவதாக ஒரு நோட்டில் கையால் எழுதுகிறேன்: எந்தச் சொல் எங்கே நின்றது, என்ன உயரம், வாசகன் எந்தப் பக்கமிருந்து வந்தான். கருவி செத்தாலும் யாராவது அதைப் பார்த்து மறுபடி நடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

பணம் செலவழிக்கும் முன், அறையின் நடுவில் நின்று கண்ணை மூடுங்கள். உங்கள் கவிதை ஒன்றின் முதல் சொல் எங்கே நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டுங்கள். நெஞ்சுக்கு நேரேயா, முதுகுக்குப் பின்னாலா, கால் கட்டைவிரல் பக்கத்திலா? கடைசிச் சொல் எங்கே? இரண்டுக்கும் நடுவே வாசகன் எத்தனை அடி நடக்க வேண்டும்? பதில் வரவில்லை என்றால் அந்தக் கவிதைக்குத் தாளே போதும். என் கவிதைகளில் பத்துக்கு ஒன்பது அப்படித்தான்.

வந்தது என்றால் தெரிந்தவர் யாரிடமாவது ஹெட்செட்டை இரண்டு நாள் கடன் வாங்கி, ஓபன் பிரஷில் ஒரே ஒரு சொல்லை எழுதுங்கள். எழுதிவிட்டு அதைச் சுற்றி ஒருமுறை நடங்கள். அதற்குப் பிறகு வாங்குவதா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரியும்.

பயன்படுத்தாத நேரத்தில் கருவியை எங்கே வைப்பது?

ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது உருப்பெருக்கி லென்ஸ். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காய்ந்த இலையை எரித்தோமே, அதேதான். வெயில் நேராக விழுந்தால் சிறிது நேரத்தில் திரையில் புள்ளி புள்ளியாகத் தீய்ந்துவிடும், ஆற்ற முடியாது. என்னுடையதில் இடது கண்ணில் அப்படி ஒரு மஞ்சள் தடம் இருக்கிறது. வெளியே வைத்தது யார் என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இப்போது அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், பழைய தலையணை உறைக்குள் போட்டு வைக்கிறோம்.